டாக்டரிடம் சொல்லாத வேலை

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்னைத் தள்ளுவண்டியில் கிடத்தியிருந்தார்கள். குடல்வால் (பெருங்குடலின் தொடக்கத்தில் விரல்போலத் தொங்கும் சிறு பகுதி) வீங்கியிருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். மறுநாள் காலையில் வயிற்றைத் திறந்து பார்ப்பதாக முடிவு. பக்கத்தில் என் மனைவி வசந்தா நின்றிருந்தாள், ஆறு மாதக் கர்ப்பிணி. இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவதாக வந்த பிள்ளை. என் வயிறு எக்கேடோ கெடட்டும், இவள் இப்படிக் கால்கடுக்க நிற்கிறாளே என்றுதான் எனக்குப் பதைத்தது.

துப்பாக்கி ரேஞ்சில் வேலை பார்ப்பவர்களுக்கும், அவர்கள் துணியைத் துவைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பயப்படுத்த அல்ல. நான் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காக.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஹைதராபாத்தில் திருமுல்கேரிப் பக்கம் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில், காவலர்கள் சுட்டுப் பழகும் மூடிய ரேஞ்சுக்கு நான் பொறுப்பாளர். பாதுகாப்பு விஷயத்தில் நான் மகா கறார். சிவப்புக் கொடி ஏறாமல் ஒருவனும் துப்பாக்கியைத் தொட முடியாது. என் காலத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பெருமையில் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியை நானே நிறுத்திவிடுவேன். அது ஓடினால் டார்கெட் தாள் ஆடுகிறது என்று சுடுபவர்கள் முணுமுணுப்பார்கள். மாலையில் நானும் உதவியாளர் காதர் பாயும் துடைப்பத்தால் தரையைப் பெருக்கி, தோட்டா பாயும் மணலைச் சலிப்போம். கோடையில் உள்ளே குளுகுளுவென்றிருக்கும் என்று அங்கேயே தயிர்சாதத்தைப் பிசைந்து சாப்பிடுவேன். கையில் ஒட்டியிருந்த சாம்பல்நிறத் தூசியை அழுக்கு என்றுகூட நினைக்கவில்லை. சட்டையில் துடைத்தால் போகிற சமாசாரம்தானே!

முதலில் வாயில் ஒரு தித்திப்பு, காசைச் சப்பியதுபோல. பிறகு மலச்சிக்கல். அப்புறம் வயிற்றைக் கயிறு போட்டு இறுக்கிப் பிழிவதுபோல வலி. தெருமுனை டாக்டர் அல்சர் (குடற்புண்) என்று பால் குடிக்கச் சொன்னார். நாலு மாதம் குடித்தேன். சட்டைப் பொத்தான் போட வலக்கை விரல்கள் தடுமாறின. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பார்த்த டாக்டரெல்லாம் "என்ன வேலை?" என்று கேட்டார்கள். "ஆபீஸ்ல கிளார்க்" என்றேன். வேலையில் சேர்ந்த அன்றே, உள்ளே நடப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எங்கள் குடியிருப்பில் எல்லோருமே அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று பத்து வருடமாக எனக்குத் தெரியாது. கேட்பதும் மரியாதை இல்லை. அந்தப் பழக்கத்தில் டாக்டரிடமும் வாயைக் கட்டிக்கொண்டேன்.

தாழ்வாரத்தில் அன்று டாக்டர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டு வந்தார். தெலுங்குக்காரர், மெட்ராஸில் படித்தவர். வசந்தா திடீரென்று அவர் முன்னால் போய் நின்றாள்.

"டாக்டர், இவரு கிளார்க் இல்ல. துப்பாக்கி சுடுற ரேஞ்ச்ல இருக்காரு. காக்கிச் சட்டைய ஊறவெச்சா தண்ணி சிலேட்டு கழுவுன மாதிரி வருது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏளா, சும்மா இரு! வேலைக்கே உலை வச்சிருவ போலுக்கே."

அவள் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். "நக்கோங்க!" என்று அந்த ஊர் உருதுவில் 'வேண்டாம்' சொல்லிக் கையை உதறினாள். "உங்க ரகசியத்த நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு ஆள் வேணும்."

டாக்டர் என் கீழுதட்டை இழுத்துப் பார்த்தார். பல்லும் ஈறும் சேருமிடத்தில் ஒரு நீலக்கோடு இருந்ததாம். "கையை நீட்டுங்க சார்" என்றார். நீட்டினேன். வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது. தூக்க முயன்றும் தூக்க முடியவில்லை.

"கத்தி வேண்டாம்" என்றார். "காரீயம் உள்ள போயிருக்கு. ஒவ்வொரு தோட்டா வெடிக்கும்போதும் காத்துல கலக்கும். நீங்க மூச்சுல இழுத்தீங்க, சோத்தோடயும் தின்னீங்க."

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவர் பார்வை வசந்தாவின் வயிற்றுக்குப் போனது. "அம்மா, அந்தத் துணியெல்லாம் நீங்கதான் துவைச்சீங்களா?"

துணியைத் துவைக்கும் முன் உதறுவதும் அவள்தான். தாயின் ரத்தத்தில் காரீயம் இருந்தால் பிள்ளைக்கும் போகும், கரு கலையவும் கூடும் என்றார். முன்னால் போன இரண்டையும் நினைத்தேன். அதற்கும் இதுதான் காரணமா என்று கேட்டேன். "அது யாராலும் சொல்ல முடியாது சார்" என்றார். ஊருக்கெல்லாம் பாதுகாப்பு உபதேசம் செய்தவன், சொந்த வீட்டுக்கு விஷத்தைச் சட்டையில் சுமந்து வந்திருக்கிறேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதேன்.

அவள் ரத்தத்தை வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பதில் வர மூன்று வாரம். அந்த நாட்களில் எனக்கு நரம்பு வழியே மருந்து (ரத்தத்திலுள்ள காரீயத்தைப் பற்றிச் சிறுநீரில் வெளியேற்றுவது) ஏற்றினார்கள். வயிற்றுவலி நாலைந்து நாளில் விட்டது. "இன்னிக்கு உதைக்குதா?" என்று அவளைத் தினமும் கேட்பேன். "உதைக்குது, உங்களத்தான் உதைக்கணும்" என்பாள்.

நடுவில் எங்கள் அதிகாரி பார்க்க வந்தார். கும்பகோணத்துக்காரர். வேலை போயிற்று என்றே நினைத்து, பெண்டாட்டி உளறிவிட்டாள், மன்னிக்க வேண்டும் என்று எழுந்து உட்கார்ந்தேன்.

"டாக்டர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எவன்யா சொன்னான்?" என்று கத்தினார். "எதிரிகிட்ட சொல்லாதேன்னா, வைத்தியர்கிட்டயுமா சொல்ல மாட்டே?" காதர் பாயை மறுநாளே பரிசோதனைக்கு அனுப்பினார். பாய்க்கும் கொஞ்சம் ஏறியிருந்தது. மருந்து தேவைப்படவில்லை. ரேஞ்சில் அதன்பின் விசிறி நின்றதில்லை. ஈரத்துணிதான், துடைப்பம் கிடையாது. காக்கி அங்கேயே துவைக்கப்பட்டது. டார்கெட் ஆடியது. ஆடட்டுமே!

வசந்தாவின் முடிவு வந்தது. "இருக்கு, ஆனா ரொம்பக் கொஞ்சம்" என்றார் டாக்டர். அவள் பல்லைக் காட்டிச் சிரித்தாள். நான் அப்படிச் சிரிக்க இன்னும் இரண்டு மாதம், பிள்ளை பிறக்கும்வரை ஆயிற்று.

பெண் குழந்தை. பிறந்ததும் வீறிட்ட சத்தம் வராந்தாவரை கேட்டது. மறுநாள் டாக்டர் என்னை நுண்ணோக்கி இருந்த அறைக்குக் கூப்பிட்டார். என் ரத்தத் துளி ஒரு கண்ணாடித் தகட்டில், மகளுடையது இன்னொன்றில். நான் வழக்கம்போல இடக்கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். "சார், இது துப்பாக்கி இல்ல" என்று சிரித்தார்.

ஆரம்பத்தில் எடுத்த என் ரத்தத்தில், சிவப்பணுக்களில் காரீயத்தால் வந்த நீலப் புள்ளிகள் மிளகுப்பொடி தூவியதுபோல் கிடந்தன. அவளுடையதில் ஒன்றுமே இல்லை. திரும்பத் திரும்பத் தேடினேன். வட்ட வட்டமாக, சுத்தமாக, ஒன்றுமே இல்லை. தாளில் துளை தேடியே பிழைப்பு நடத்தியவன், இல்லாததைக் கண்டு அன்றைக்குத்தான் கைகூப்பினேன்.

மணிக்கட்டு எழும்ப ஒரு வருடம் ஆனது. ஆனால் ரத்தத்தை விட்டுப் போனாலும் காரீயம் எலும்பில் தங்கிவிடும், அது வருடக்கணக்கில் மெதுவாகத்தான் இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் என் உடம்பை முன்போல இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. பல்லைத் துலக்கும்போது உதட்டை இழுத்துப் பார்ப்பேன். வருடம் போவதைப் பற்றி மற்றவர்கள் அலுத்துக்கொள்ளும்போது மட்டும் என்னால் சேர்ந்துகொள்ள முடிவதில்லை. மகளுக்கு ஒரு வயது கூடினால், எனக்குள் கொஞ்சம் காரீயம் குறைந்திருக்கும். எங்கள் குடியிருப்பில் வயதாவதற்குச் சந்தோஷப்படுகிற ஆள் அநேகமாக நான் ஒருவன்தான்.