தார் டிரம்மை வலம் வந்த பேடகி

நீலவ்வா யாரோ அல்ல. என் சின்ன அத்தையின் மூத்த மகள் காசவ்வா பெற்ற ஒரே பெண். எங்கள் பேடகி ஊரில், மிளகாய்ச் சந்தைக்குப் போகும் நாற்சந்தியில் வண்டிகளை ஒழுங்குபடுத்தும் ஊர்க்காவல் படை வேலை அவளுக்கு. அவள் விசில் ஊதினால் எங்கள் வீட்டு எருமை கூட நிற்கும். வண்டிக்காரர்கள்தான் நிற்க மாட்டார்கள்.

மிளகாய்ப் பருவத்தில் டிராக்டரும் லாரியும் அங்கே முட்டிக்கொண்டு கிடக்கும். அந்த மாதம் மட்டும் நாலு பேருக்குக் கால் முறிந்தது. என்ஜினியர் ஹிரேமட் நட்டநடுவில் வெள்ளையடித்த தார் டிரம் ஒன்றை நிறுத்தினார்.

"ஏழு நாள் பார்ப்பேன். எல்லா வண்டியும் இதைச் சுத்திப் போகணும். இல்லேன்னா குறுக்கே சுவர் வெச்சு அடைச்சிடுவேன்."

சுவர் வந்தால் கிழக்கு மிளகாய்க் காட்டுப் பெண்கள் மிளகாய்க் கூடையோடு இரண்டு மைல் சுற்ற வேண்டும். அதில் பாதிப் பேர் எங்களுக்குச் சம்பந்தி வீட்டார்.

ஆறு நாளும் வலப்பக்கம் திரும்புகிறவன் ஒவ்வொருவனும் டிரம்மைச் சுற்றாமல் எதிர்ப்பக்கமாகவே பாய்ந்தான்.

"ஏய் சன்னப்பா, சுத்திப் போடா!"

"யக்கா, டிரம் எனக்கு மாமனாரா, சுத்திச் சுத்தி வர?"

அதே சன்னப்பா ஆறாம் நாள் மாலை புது டிராக்டரை அனுமார் கோயிலுக்கு ஓட்டிப் போனான். வாசல் வலப்பக்கம் பத்தடிதான். ஆனாலும் சக்கரம் சேற்றில் புதையப் புதைய முழு வலம் வந்துதான் நிறுத்தினான். பார்த்துக்கொண்டிருந்த நீலவ்வாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏழாம் நாள் விடிந்ததும் டிரம்முக்கு மூன்று பட்டை விபூதி, மாவிலை, சாமந்திச் சரம். அவ்வளவுதான்! லாரி சுற்றியது, மாட்டு வண்டி சுற்றியது, ஒருவன் கூட எதிர்ப்பக்கம் போகவில்லை! ஆனால் ஒருவன் வண்டியை நிறுத்திவிட்டுத் தேங்காயோடு இறங்கினான். பின்னால் இருபது ஹாரன்.

"நிக்காதே சாமி! வண்டியை உருட்டிக்கிட்டே கும்பிடு!" என்று நீலவ்வா தொண்டை கிழியக் கத்தினாள்.

பத்து மணிக்கு ஹிரேமட்டின் ஜீப் வந்தது. அவசரத்தில் அவரே எதிர்ப்பக்கம் ஒடித்தார்.

"சார்! பேர்லயே மடம் இருக்கு, மடத்து வீட்டுப் பிள்ளை நீங்களே இப்படியா?"

ஜீப் பின்வாங்கி, ஒழுங்காகச் சுற்றி வந்து ஓரமாக நின்றது. அரை மணி நேரம் பார்த்தார். ஒரு முட்டல் இல்லை.

"இது என்ன சாமிம்மா?"

"நேத்து வரைக்கும் தார் டிரம் சார்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சுவர் வேண்டாம். கல்லுலயே வட்டமா கட்டிடுவோம்."

நீலவ்வா விசிலடித்து வண்டிகளை நிறுத்தினாள். கிழக்குக் காட்டுப் பெண்கள் சிவந்த கூடைகளோடு நேரே சந்தைக்குக் கடந்தார்கள். சன்னப்பா மட்டும் மூன்றாம் முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஒரு சுத்து போதும்டா, வீட்டுக்குப் போ!"