பரளச்சி வீட்டுக் கணப்பு

என் மாமனார் கொடைக்கானலில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவர் கால்கூடக் கழுவாமல் நேராகக் கூடத்துக்குப் போய் மேற்குச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இதுலதான் வைக்கணும்" என்றார்.

"எதை மாமா?" என்று கேட்டேன்.

"கணப்பு. சொவத்துக்குள்ள தீ எரியும். எதுத்தாப்புல நாற்காலியப் போட்டு, காலை நீட்டி உக்காந்து குளிர் காயணும். அவன் வீட்டுல பாத்தேன்."

காரியாபட்டியிலிருந்து நான் பரளச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த ஊரில் பத்து மாதம் வெயில். மீதி இரண்டு மாதமும் வெயில்தான், ஆனால் அதைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நம்ம ஊரில் எதற்குக் குளிர் காய வேண்டும் என்று கேட்டதற்கு, மார்கழியில் விடியற்காலை தனக்குப் பல் கிட்டுவதாகச் சொன்னார். வேப்பங்குச்சியை ரொம்ப நேரம் கடித்தால் அப்படித்தான் இருக்கும் என்று அத்தை அடுப்படியிலிருந்து சொன்னார்கள்.

விறகு எரித்தால் புதிதாக டிஸ்டெம்பர் அடித்த சுவர் கரியாகிவிடும். அதனால் கேஸ் கணப்பு என்று மாமா முடிவு செய்தார். கொல்லையில் கோபர் கேஸ் இருந்தது. சின்னக் கிணறு மாதிரி ஒரு குழி, அதில் கரைத்த சாணம், அதன்மேல் கவிழ்த்த பெரிய இரும்பு டிரம். கேஸ் சேரச் சேர டிரம் மேலே வரும். அடுப்பை எரித்தால் மெல்லக் கீழே இறங்கும். டிரம்மின் கனம் அழுத்துவதால்தான் கேஸ் குழாய்க்குள் போகிறது. அடுப்படி பக்கத்திலேயே இருந்ததால் எனக்கு நல்ல நீலத் தீ கிடைத்துக்கொண்டிருந்தது.

நரிக்குடியிலிருந்து வந்த மேஸ்திரி சுவரில் மாடம் இடித்து, ஓட்டல் அடுப்பு பர்னர் ஒன்றைப் பதித்தார். சுற்றிலும் அழகுக்காகக் குண்டாற்றுக் கூழாங்கற்களை மாமா அடுக்கினார். வேலை முடிந்ததும் மேஸ்திரி குழாயைப் பார்த்து யோசித்தார்.

"அய்யா, கூடம் ரொம்பத் தூரமாப் போச்சு. இந்த அரை இஞ்சுக் குழாயில பிரசர் வராது. பர்னரு வேற பெருசு. குழாயைப் பெருசாப் போடணும். இல்லேன்னா டிரம்மு மேல வெயிட்டு ஏத்தணும்."

மாமாவின் காதில் கடைசி வாக்கியம் மட்டும் விழுந்தது.

முதல் நாள் பற்றவைத்தபோது கட்டைவிரல் உயரத்துக்குத் தீ வந்தது. அதே நேரம் அடுப்படியில் என் தோசைக்கல்லின் கீழே தீ பாதியாகச் சுருங்கியது.

"மாமா, அதை அமத்துங்க. தோசை வேகல."

"பத்து நிமிசம் பொறும்மா. இப்பத்தான் கால் சூடேறுது."

இது தினமும் நடந்தது. ஒருநாள் வெள்ளை வெளேரென்ற தோசையை அவர் தட்டில் போட்டுவிட்டு அத்தை சொன்னார்கள்: "ஒண்ணு சொவத்துல எரியட்டும், இல்ல அடுப்புல எரியட்டும். ரெண்டுல எது வேணும்னு சொல்லிப்புடுங்க."

மறுநாள் மாமா பழைய அம்மிக்கல்லையும் இரண்டு கடப்பைக் கல்லையும் டிரம் மேல் ஏற்றினார். தீ ஒரு சாண் வந்தது. அந்தத் தெம்பில் கொடைக்கானல் நண்பரை மனைவியோடு வரச்சொல்லிக் கார்டு போட்டுவிட்டார்.

அவர்கள் வந்த அன்று கேஸைச் சேமிப்பதற்காக அடுப்பைத் தொடக்கூடாது என்று உத்தரவு. கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, பருத்திச்செடியின் காய்ந்த மாரை எரித்து விருந்துச் சமையல் முழுவதும் செய்தேன். சாயங்காலம் டிரம் நெஞ்சு உயரத்துக்கு எழும்பி நின்றது. மாமா நண்பரை நாற்காலியில் உட்காரவைத்துக் கணப்பைப் பற்றவைத்தார். ஒரு சாண் தீ வந்தது. நண்பர் பார்த்துவிட்டு, "ம், எரியுதே" என்றார்.

அந்த 'ம்' மாமாவுக்குப் பிடிக்கவில்லை. கொல்லைக்கு வந்து என் வீட்டுக்காரரை டிரம் மேல் ஏறி உட்காரச் சொன்னார். தேய்த்த வேட்டியோடு அவர் ஏறி உட்கார்ந்தார். அவருடைய ஒல்லி உடம்புக்குத் தீயில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. மாமா உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"நீ எறங்கு. ஒங்க அம்மா ஏறட்டும்."

அத்தை நல்ல கனம். ஸ்டூல் போட்டு நானும் என் வீட்டுக்காரரும் முட்டுக் கொடுத்து ஏற்றினோம். "சும்மா உக்கார முடியாது, அந்தக் கீரையை எடு" என்று வாங்கி, சாக்கு விரித்து உட்கார்ந்து ஆய ஆரம்பித்தார்கள். உள்ளே இருந்து "அடேயப்பா" என்று நண்பரின் குரல் கேட்டது. கேஸ் செலவாகச் செலவாக டிரம் இறங்கியது. நடுவில் குழாய் பிடிமானம் இருந்ததால் சாயாமல், கோயில் சப்பரம் மாதிரி அத்தை மெல்லக் கீழே வந்துகொண்டிருந்தார்கள்.

அப்போது நண்பரின் மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டே கொல்லைக்கு வந்தார். அவரும் அத்தைக்குச் சளைத்தவர் இல்லை.

"என்னக்கா, அங்க உக்காந்திருக்கீக?"

அத்தை கீரையிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்கள். "காத்தோட்டமா இருக்குன்னுதான்."

"உள்ள இருக்க முடியலக்கா, ஒரே வேக்காடு. நானும் வரட்டுமா?"

நாங்கள் தடுப்பதற்குள் அவர் ஸ்டூலில் கால் வைத்து ஏறிவிட்டார். டிரம் முக்கியது. உள்ளே தீ மாடத்தை விட்டு வெளியே எட்டிப் பார்த்ததாகப் பிறகு மாமா சொன்னார். அடுத்த நிமிஷம் டிரம்மைச் சுற்றிச் சாணக்கரைசல் குமிழி விட்டுக் கொப்பளித்தது. கேஸெல்லாம் குழாய்க்குப் போகாமல் ஓரத்தில் கிளம்பியது. நாற்றம் தாங்கவில்லை. உள்ளே கணப்பு 'பொக்' என்று அணைந்தது.

மாமா ஓடி வந்தார். இரண்டு பெண்களும் கீரைத்தட்டோடு, முழங்கால் உயரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஏறுவதற்கு ஸ்டூல் தேவைப்பட்டது. இறங்க ஒரு எட்டு வைத்தாலே போதுமாக இருந்தது.

மாமாவின் பின்னாலேயே நண்பரும் வந்தார். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். முதுகில் வியர்வை ஓடியது.

"ஏலே, நான் அந்தக் குளிருக்குப் பயந்துதான் இங்க வந்தேன். நல்லா வேக வச்சு அனுப்புறியே. வெளிய ஒரு பாயைப் போடு" என்றார்.

ஆய்ந்த கீரையையும் மூன்று கல் அடுப்பிலேயே வேகவைத்துக் கடைந்ததும், எல்லோரும் கொல்லையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். வந்த அம்மா கீரையை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். மாமா சோற்றைப் பிசைந்தபடியே, "குழாயைப் பெருசாப் போட்டிருக்கணும்" என்று மட்டும் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. தோசைக்குச் சண்டை போட்டதையெல்லாம் மறந்து, அவருக்கு இன்னும் கொஞ்சம் கறிக்குழம்பு ஊற்றினேன்.

மறுநாள் காலையில் காப்பி போடக்கூடக் கேஸ் இல்லை. அந்த வாரமே மேஸ்திரி வந்து கூடத்துக்குப் போன குழாயைக் கழற்றி, வாயை அடைத்துவிட்டுப் போனார். சுவரில் இருந்த மாடத்தைப் பூச மட்டும் மாமா சம்மதிக்கவில்லை. கொஞ்ச நாளில் ஒரு கோழி கூழாங்கற்களுக்கு நடுவில் அடைக்கு உட்கார்ந்தது. அத்தை அதற்கு வைக்கோல் போட்டுக் கொடுத்தார்கள். முட்டை எல்லாம் பொரிந்தது. வந்தவர்களிடம் எல்லாம் மாமா அந்தக் குஞ்சுகளைக் காட்டி, அந்தச் சுவரில் எப்போதும் ஒரு வெதுவெதுப்பு உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.