முழங்கால் உயரத்தில்

நம்பாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். அந்தச் சுவர் இன்னும் அப்படியே இருக்கிறது.

அப்பாவும் பெரியப்பாவும் வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, கூடத்தின் குறுக்கே ஜிப்சம் போர்டில் சுவர் எழுந்தது. மதியம் மூன்று பத்துக்குக் கடைசி போர்டைப் பொருத்தினார்கள். அந்தப் பக்கம் பெரியப்பா மட்டும். மனைவி, பிள்ளைகள் கிடையாது. கைத்தடி இல்லாமல் நான்கடி நடக்க முடியாது. என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர்.

"தெருவுக்குத் தனிக் கதவு இருக்கு. இனி அவன் பாடு அவனுக்கு," என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் எங்கள் பக்கத்துக்குப் பெயிண்ட் அடித்தோம். சுவரைச் சமமாக்கப் பூசிய பட்டியைத் தேய்த்த தூசி மாவாய் அப்பியிருந்தது. துடைக்கத் துணி எடுத்தேன்.

"விடுடி. பிரைமரும் வேணாம். அவன் மூஞ்சிய மறைச்சாப் போதும்."

செவ்வாய், மதியம் மூன்று பத்து. கூடத்தில் நான் மட்டும்.

சர்ர்ர்க்...

சுவரில் ஒரு பட்டை உரிந்து தொங்கியது. என் முழங்கால் உயரத்தில்.

புதன். அதே மூன்று பத்து. இன்னும் நான்கு பட்டைகள், அருகருகே. ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம்.

அம்மா பெயிண்டரைக் கூட்டிவந்தாள்.

"தூசி மேல அடிச்சா சுவரு வெங்காயமா உரியத்தான் செய்யும்," என்று சிரித்தபடி குந்தினார். சிரிப்பு நின்றது. "ஆனா இது தானா உரியலம்மா. யாரோ நகத்தால இழுத்திருக்காங்க. வீட்ல சின்னக் குழந்த இருக்கா?"

இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா மெல்லக் கேட்டாள். "நாத்தம் வேற அடிக்குதுங்க. ஒரு எட்டு உங்க அண்ணனைப் பார்த்துட்டு வந்துடறேன்."

"மட்டமான பெயிண்ட், நாறத்தான் செய்யும். அங்க கால் வெச்சே, அங்கேயே இருந்துக்க."

வியாழன். மூன்று ஒன்பதுக்கே சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன். போர்டில் காதை வைத்தேன்.

"பெரியப்பா..?"

காதை இன்னும் அழுத்தினேன்.

மூன்று பத்து.

சர்ர்ர்க்...

சத்தம் அந்தப் பக்கமிருந்து வரவில்லை.

என் பக்கம். என் கன்னத்துக்கு அருகில்...

பெயிண்ட் தானாக எழும்பியது. ஒன்று... இரண்டு... ஐந்து. மெதுவாகக் கீழே இழுபட்டது.

அங்கே கை இல்லை.

ஓடினேன். தெருவைச் சுற்றி, அந்தக் கதவுக்கு.

அக்கம்பக்கத்தார் உள்தாழ்ப்பாளை உடைத்தார்கள். பெரியப்பா சுவரோரம் குப்புற விழுந்து கிடந்தார். ஒரு கை மட்டும் சுவரை நோக்கி நீண்டிருந்தது. அந்தப் பக்கம் வெறும் போர்டு. பெயிண்ட் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

"வெள்ளிக்கிழம ராத்திரியே போயிட்டாரு. விழுந்தப்புறம் ரெண்டு மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும்," என்றார் டாக்டர். "கூப்பிட்டிருப்பாரே... கேக்கலையா?"

அப்பா தரையைப் பார்த்தார்.

டாக்டர் பெரியப்பாவின் கையைத் திருப்பினார். ஐந்து நகங்களுக்கு அடியிலும் எங்கள் பெயிண்ட்.

நாங்கள் டப்பாவைத் திறந்ததே ஞாயிற்றுக்கிழமைதான்.