களை என்று எறிந்தது

தங்கை, திருவிடைமருதூரில் ஒரு இந்துக் குடும்பத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவள். அதன்பிறகு எங்கள் லுத்தரன் கோயில் பக்கமே வரவில்லை. வருகிற ஞாயிறு, அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு வருகிறேன் என்று போனில் சொன்னாள்.

அண்ணன் சபைக் கமிட்டியில் இருக்கிறார். திருவிருந்துக்கு ஆட்களை வரிசையாகப் பீடத்துக்கு அனுப்புவது அவர் வேலை. எல்லோர் முன்னாலும் அவளைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார். சொன்னால் செய்கிற ஆள்.

அவரை வயலில் போய்ப் பிடித்தேன். நேரடி விதைப்பு, நெல்லும் புல்லும் கலந்து முளைத்திருந்தன. ஆள் கிடைக்காமல் அவரே குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார்.

“களையப் புடுங்காம விட்டா பயிரு என்னத்துக்கு ஆவும்?” என்றார். தங்கையைத்தான் சொன்னார்.

“வேதத்துல, கோதுமைக்கு நடுவுல களை முளைச்ச கதையில, எஜமான் புடுங்க வேணாம்னுதானே சொல்றாரு? அறுப்பு வரைக்கும் ரெண்டும் வளரட்டும்னு?”

“அவரு கோதுமைக்காரரு. இங்க வந்து சம்பா போட்டுப் பாக்கச் சொல்லு.”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த உவமை வயல் வேலைக்கான யோசனையா என்ன? எந்த விவசாயியும் ஒப்புக்கொள்ளாததை அந்த எஜமான் ஏன் சொல்கிறார் என்று அண்ணன் ஒருநாளும் யோசித்ததில்லை. மனிதர்களில் இது நெல், இது களை என்று பிரிக்கிற நம் கையை அவர் நம்பவில்லை. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

வரப்பில் அவர் எறிந்திருந்த குவியலைக் கிளறினேன். இளசில் இரண்டும் ஒரே பச்சை. தாளோடு இலை சேரும் இடத்தில் நெல்லுக்குச் சின்னதாக ஒரு வெள்ளைச் சவ்வு இருக்கும், அந்தப் புல்லுக்கு இருக்காது. அண்ணனுக்குத் தெரியாததா? கோபத்தில் பார்க்கவில்லை. ஒரு பிடி நெற்பயிரை எடுத்து நீட்டினேன்.

“இதையும் எறிஞ்சிட்டீங்களேண்ணே.”

வாங்கிப் பார்த்தார். சேற்றில் திரும்ப ஊன்றினார். நல்ல வெயில். பிழைக்குமா என்று நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை கைக்குழந்தையோடு கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். நடுவழியில் அண்ணன் நின்றார். அவளும் நின்றுவிட்டாள். சபையே பார்த்தது.

அவர் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். அவள் பீடத்துக்குப் போய் முழங்காலில் நின்றாள்.

எல்லோரும் வாங்கி முடித்ததும் போதகர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலை நிமிராமல் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, குழந்தையோடு வெளியே போய்விட்டார். அன்று திருவிருந்து வாங்காமல் போனவர் அவர் ஒருவர்தான்.