இரண்டாவது பெட்டியின் கேபிள்

எங்கள் அலுவலகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பொய் எழுதுவோம். அதற்கு ஃபெயில்ஓவர் டெஸ்ட் ரிப்போர்ட் என்று பெயர். நிறுவனத்தின் நெட்வொர்க்கைக் காக்க இரண்டு ஃபயர்வால் பெட்டிகள். ஒன்று வேலை செய்யும். அது படுத்தால் அடுத்தது எழுந்து நிற்க வேண்டும். நிற்கிறதா என்று பார்ப்பதுதான் டெஸ்ட். நாங்கள் பழைய ரிப்போர்ட்டைத் திறந்து தேதியை மாற்றுவோம். அந்த ஏட்டுச் சுரைக்காய்க்குக் கீழே என் கையெழுத்து.

பிறகு புது க்ளஸ்டர் தொழில்நுட்பம் வந்தது. எல்லாப் பெட்டிகளும் ஒரே பெட்டி போல நடந்துகொண்டு வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளுமாம். விற்க வந்தவர் காட்டிய ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எங்கள் மேனேஜர் தலையாட்டினார். அவருக்கு அன்று புரிந்தது மதியச் சாப்பாடு மட்டும்தான்.

மாற்றும் வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் தொடங்கினோம். கட்டளை அடித்தவர் பேச்சில் கன்னடம் கலக்கும் ஜோகுபாளையத்துப் பெண், ஒப்பந்த ஊழியர். மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பார்களா என்று காத்திருந்தார். முதல் படியாக, வேலையை இரண்டாவது பெட்டிக்கு மாற்றினார். மொத்த அலுவலகத்துக்கும் இணைப்பு போனது. இரண்டு மாடி கீழே சர்வர் ரூமுக்கு ஓடியவர் அங்கிருந்து போன் செய்தார்.

"சார், செகண்ட் பாக்ஸ்ல கேபிளே மாட்டல. சும்னே தொங்குது. அலாரம் ஏன் வரல?"

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். முன்பு அது ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. இறங்கிப்போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டு, அந்த இணைப்பைக் கண்காணிக்க வேண்டாம் என்று மாற்றியவன் நானேதான்.

"தெரியலம்மா, பாக்கலாம்" என்றேன்.

கேபிளை மாட்டி, மிச்ச வேலையையும் முடித்து, சாயங்காலத்துக்குள் புது க்ளஸ்டரை ஓடவிட்டவர் அவர்தான். திங்கட்கிழமை கூட்டத்தில் மேனேஜர் அதைப் பற்றிப் பேசவில்லை, இணைப்பு போனதற்காக அவரைப் பிடித்துக்கொண்டார்.

"கமாண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி செக் பண்ண மாட்டீங்களா?"

"டெஸ்ட் ரிப்போர்ட் பாத்துட்டுதான் சார் அடிச்சேன். பாஸ்னு இருந்துச்சு."

ரிப்போர்ட்டில் யார் கையெழுத்து என்று மேனேஜர் கேட்கவில்லை. அந்தப் பெண்ணும் சொல்லவில்லை, என்னை ஒருமுறை பார்த்ததோடு சரி. நான் கழுவுற மீனில் நழுவுற மீனாக லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மேனேஜரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அவர் சிரித்தார்.

"விடுங்க, நீங்க பர்மனென்ட். உங்கள யாரு கேக்கப் போறா? ரினியூவல் இல்லன்னு அவங்களுக்கு நேத்தே மெயில் போயிடுச்சு."

நான் என் இடத்துக்குத் திரும்பினேன். வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னதால் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. திங்கட்கிழமை சொல்லியிருந்தாலும் ஆகியிருக்காது.