பத்து செக்கன் இருட்டு

மேடைக்கு விளக்கு அமைக்கிறவனிடம் வந்து, "விளக்கு எதையும் அணைக்க வேண்டாம்" என்று சொன்னால் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வது? யுத்த காலம் முழுவதும் எனக்குச் சொல்லப்பட்டது அதுதான். சொன்ன ஆட்கள் மாறினார்கள், ஊர்கள் மாறின, வசனம் மட்டும் மாறவில்லை.

கொழும்பில் ஒரு ரொக் இசைக்குழுவுக்கு நான் விளக்கு அமைப்பாளன். குழுவின் தலைவனும் பாடகனும் ஒருவனே. கொட்டாஞ்சேனையில் அவனுடைய வீட்டுக்குப் பின்னாலிருந்த கராஜில் பயிற்சி நடக்கும். அங்கிருந்து காலி, கண்டி, குருநாகல், நீர்கொழும்பு என்று ஒரு வான் வண்டியில் ஊர் ஊராகப் போவோம். சோதனைச் சாவடியில் வானை மறித்தால் மற்றவர்கள் உள்ளேயே இருந்து தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருப்பார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தபடியால் நான் மட்டும் இறங்க வேண்டும். இறங்கி, பெட்டிகளைத் திறந்து, எந்த வயர் எதற்கு என்று வெயிலில் நின்று வகுப்பெடுக்க வேண்டும். அதைக்கூடப் பழகிக்கொண்டேன். மண்டபங்களின் ட்யூப் லைட்டைத்தான் என்னால் கடைசிவரை பொறுக்க முடியவில்லை.

கூட்டத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று பாதுகாப்புக்கு நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். அதனால் நிகழ்ச்சி தொடங்கி முடியும்வரை மண்டபத்து விளக்குகள் எரிந்தபடியே இருக்கும். அந்த வெள்ளை வெளிச்சத்துக்குள் நான் போடுகிற சிவப்பு, தண்ணீர் கூடிப்போன சர்பத்தைப் போல இருக்கும். நீலம் இருக்கிற இடமே தெரியாது. கிராண்ட்பாஸில் ஒரு கடைக்கு நடையாய் நடந்து வாங்கிய நிறத்தாள்களை நான் இரவிரவாக வெட்டி ஒட்டியிருப்பேன். பார்க்க வந்தவர்கள் பக்கத்து ஆளின் சேர்ட்டில் என்ன கறை என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலியில் ஒருமுறை இன்னும் மோசம். மேடைக்கு முன்னால் நான் வைத்திருந்த இரண்டு நல்ல விளக்குகளைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுபோய், பைகளைச் சோதிக்கிற மேசைக்கு மேலே கட்டினார்கள். அன்று என் வெளிச்சத்தின் முழு அழகையும் கண்டவை பெண்களின் கைப்பைகள்தான்.

பிறகு, கொழும்புக்கு மேலே குண்டு போடச் சின்ன விமானம் வந்த காலம் தொடங்கியது. விமானம் வருகிறது என்று தகவல் கிடைத்தால் நகரம் முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு இருட்டு என்றால் சனங்களுக்கு ஒரே அர்த்தம்தான். எங்கேயாவது இரண்டு நிமிஷம் கரண்ட் போனாலும் வானத்தைத்தான் பார்ப்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் இருட்டு கேட்டு அலைந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எனக்கு ஒரு பாட்டு இருந்தது. பாடகன் எழுதியது, மெதுவான பாட்டு. அது தொடங்குவதற்கு முன்னால் மண்டபம் முழுக்கக் கும்மிருட்டாக வேண்டும். பத்து செக்கன். அதற்குப் பிறகு பாடகனுடைய முகத்தில் மட்டும் ஒரு வெள்ளை விளக்கு, மெதுவாக. அவ்வளவுதான் என் ஆசை. கராஜில் கதவைச் சாத்திவிட்டு அதை எத்தனையோ தடவை செய்து பார்த்திருக்கிறோம். கராஜில் அது அற்புதம். ஆனால் பார்த்தவர்கள் நாங்கள் நாலு பேரும் பாடகனின் நாயும்.

வீட்டில் நிலைமை இதைவிடக் கேவலம். என் மனைவி கல்யாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்தவள். நான் என்ன வேலை செய்கிறேன் என்பது அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஒழுங்கையில் அக்கம்பக்கத்தவர் யாராவது கேட்டால் "எலக்ட்ரிக்கல் வேலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

"நான் வேற என்னத்தைச் சொல்லுறது?" என்று ஒருநாள் என்னிடமே கேட்டாள். "மேடையில லைற் போடுறார், பிறகு நூர்க்கிறார் எண்டு சொல்லட்டோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வந்து பார்த்தாத்தானே தெரியும். நீர் ஒருநாளும் வரேல்லையே" என்றேன்.

"ஆக்கள் கூடுற இடத்துக்கு ஆரும் இப்ப போவினமே?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் தவிர அவள் எங்கேயும் போவதில்லை. பேசத் தெரிந்த சிங்களமும் மரக்கறிக் கடையோடு சரி. ஆனால் எனக்கு அது ஒரு முள்ளாகவே குத்திக்கொண்டிருந்தது. ஊரில் உள்ள யாரோவெல்லாம் என் வேலையைப் பார்க்கிறார்கள், ட்யூப் லைட்டுக்குக் கீழே என்றாலும். கூட வாழ்கிறவள் பார்க்கவில்லை. கொழும்பிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேர நிகழ்ச்சி சரிவந்தபோது, இந்த முறை மண்டபத்து விளக்கை அணைக்க வைப்பது, அந்தப் பத்து செக்கனுக்கு அவளை அங்கே கொண்டுவந்து இருத்துவது என்று முடிவெடுத்தேன். நாள் கணக்காகக் கெஞ்சியதில் அவள் ஓம் என்றாள். இருட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சொல்லிவிட்டால் அதில் என்ன இருக்கிறது?

மண்டபத்துப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒரு பொலிஸ் அதிகாரி வந்திருந்தார். நடுத்தர வயது, தூக்கமில்லாத கண்கள். பகலிலும் இருட்டாக்க வேண்டும் என்பதற்காக ஜன்னல்களுக்கு நான் கறுப்புத் துணி அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஏணிக்குக் கீழே வந்து நின்றார். இறங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"இருட்டு எதற்கு?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பாட்டுக்கு, சேர்."

"பாட்டைக் காதால்தானே கேட்பது?"

இருட்டு இருந்தால்தான் பிறகு வருகிற வெளிச்சத்துக்கு மதிப்பு என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களை இங்கே கூப்பிட்டது வெளிச்சம் போடத்தானே?" என்றார் கடைசியில்.

மீன் சந்தையில் பாரைக்குப் பேரம் பேசுவதைப் போல இருட்டுக்குப் பேரம் பேசினேன். அவர் மூன்று செக்கனில் நின்றார். நான் பத்திலிருந்து இறங்கவில்லை. பாடகனும் வந்து சேர்ந்துகொண்டான். அவனுடைய வகுப்பில் படித்த யாரோ அதிகாரிக்குச் சொந்தம் என்று தெரியவந்ததும் அவர் கொஞ்சம் இளகினார். பத்து செக்கன் தரலாம், ஆனால் சுவரோரம் அவருடைய ஆட்கள் டோர்ச் லைட்டோடு நிற்பார்கள். அதோடு, விளக்கு அணையப்போகிறது, பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மூன்று மொழியிலும்.

அவர் போன பிறகு பாடகன் தலையில் கைவைத்துக்கொண்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தான்.

"மச்சான், மூணு பாஷையிலயும் சொல்லிட்டு இருட்டாக்கினா அது ஷோவா, ரேடியோ மரண அறிவித்தலா?"

எனக்கும் அழுகை வராத குறைதான். இத்தனை வருஷம் காத்திருந்து ஒரு திடீர் இருட்டு கிடைக்கிறது, அதையும் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டுமாம்.

பின்னேரம் மனைவி வந்தாள். வாசலில் அவளுடைய கைப்பையைத் திறந்து கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கோபத்தோடுதான் உள்ளே வந்தாள். என் கட்டுப்பாட்டு மேசை மண்டபத்தின் ஆகப் பின்னால் இருந்தது. அவள் எனக்குப் பக்கத்தில் இருக்கத்தான் விரும்பினாள். நான் விடவில்லை. மேடையின் இரண்டு பக்கமும் சமமாகத் தெரிகிற இடம் நடு வரிசைதான் என்று சொல்லி, தெரியாத ஆட்களுக்கு நடுவில் அவளைக் கொண்டுபோய் இருத்திவிட்டு வந்தேன்.

நிகழ்ச்சி வழக்கம்போல ட்யூப் லைட்டில் போனது. அந்தப் பாட்டுக்கு நேரம் வந்தது. நுகேகொடையிலிருந்து வந்திருந்த அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, சிங்களத்தில் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில், மூக்கால், ஒரு வார்த்தை இன்னொன்றில் ஏறி விழ, பகிடியும் விட்டுக்கொண்டு சொன்னார். தமிழ் அவருக்கு வராது. என்னைக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பதாகத்தான் ஏற்பாடு. அவர் அதை மறந்துவிட்டு மைக்கைப் பாடகனிடம் கொடுத்துவிட்டார். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மொழியிலாவது என் திடீர் தப்பியது என்று நினைத்தேன்.

மண்டபத்து விளக்குகள் அணைந்தன. என் மேசையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பெரிய கட்டையைக் கீழே இழுத்தேன், மேடையும் அணைந்தது.

இருட்டு வந்தது. நான் இத்தனை காலம் கேட்ட அதே இருட்டு, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல். எங்கோ ஒரு விசில் கேட்டு அடங்கியது. என் கை எனக்கே தெரியவில்லை. மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். அந்த மூன்று, நான்கு செக்கன்களில் நான் அடைந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அடைந்ததில்லை.

அப்போது நடு வரிசையிலிருந்து ஒரு குரல்.

"இஞ்சாருங்கோ! எங்க நிக்கிறியள்?"

அவள்தான். பஸ்ஸில் என்னோடு தமிழில் வாய் திறக்காதவள். திறந்தாலும் காதுக்குள் முணுமுணுப்பாள், நான் கொஞ்சம் உரத்துப் பதில் சொன்னால் தொடையில் கிள்ளுவாள். வீட்டில் கரண்ட் போகிற நேரங்களில் ஆளை ஆள் கூப்பிட்டுத் தேடுவோம். இப்போது, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காத மண்டபத்துக்கு நடுவில் எழும்பி நின்று அதே மாதிரிக் கூப்பிட்டாள்.

சுவரோரத்து டோர்ச் லைட்டுகள் எரிந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் தமிழ் வந்த திசைக்குத் திரும்பின. அவளுடைய முகம் தெரிந்தது. கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளை விட்டு விலகியிருந்தார்கள். அதையும் பார்த்தேன்.

"இஞ்ச நிக்கிறன்! பயப்பிடாதையும், இஞ்சதான் நிக்கிறன்!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே மேசையில் இருந்த எல்லாக் கட்டைகளையும் இரண்டு கையாலும் மேலே தள்ளினேன். சிவப்பு, நீலம், மஞ்சள், கடைசிப் பாட்டுக்கென்று கூட்டத்தைப் பார்க்கத் தொங்கவிட்டிருந்த பெரிய விளக்குகள், எல்லாம் ஒன்றாக எரிந்தன. டோர்ச் லைட்டுகளின் வட்டங்கள் அந்த வெளிச்சத்தில் கரைந்து போயின. மேடையில் பாடகன் வாயைப் பிளந்தபடி நின்றான். மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. மனைவியும் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

அதிகாரி விறுவிறென்று என்னிடம் வந்தார்.

"யார் அது?"

"என் மனைவி, சேர்."

"மூன்று மொழியிலும் என்றுதானே சொன்னேன்?" என்றார் அவர். எத்தனையோ வருஷமாக அந்தச் சீருடைக்காரர்களோடு மல்லுக்கட்டி வந்த எனக்கு, அதில் ஒருவர் சொன்னது சரியாகிப்போனது தாங்க முடியாத எரிச்சலாக இருந்தது. மீதி நிகழ்ச்சி முழுக்க ட்யூப் லைட்டை அணைக்க விடவில்லை.

முடிந்ததும் பாடகன் சொன்னான், "பத்து செக்கன்ல எனக்கு அஞ்சுதான் கிடைச்சிச்சு மச்சான். நீ போ, வைஃபக் கூட்டிட்டுப் போ. சாமான நாங்க ஏத்துறோம்."

பஸ்ஸில் காலி வீதியால் வந்தோம். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவள் மேல் கோபம், அறிவிப்பாளர் மேல் கோபம், அவளை நடு வரிசையில் கொண்டுபோய் வைத்த என் மேல் கோபம். அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரிலும் என் இருட்டு நான் நினைத்தபடி திடீரென்று வந்து சேர்ந்தது அவள் ஒருத்திக்குத்தான் என்பதை நினைக்க இன்னும் கோபம்.

பம்பலப்பிட்டி தாண்டிய பிறகு அவள் வாய் திறந்தாள். முணுமுணுக்கவில்லை, சாதாரணமாகவே கதைத்தாள்.

"எல்லா லைற்றையும் ஒண்டாப் போட்டியளே, அது நல்ல வடிவு."

"அது டிசைன் இல்லையப்பா" என்றேன் எரிச்சலோடு. "அது எல்லாம் பிழைச்சுப்போய்ப் போட்டது."

"எனக்கு உது ஒண்டும் விளங்காது" என்றாள். "அதிலதான் உங்களைக் கண்டனான்."