மடிப்புக் கலையாத சேலை

பிரிஸ்கில்லா எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர். ஆள் குட்டை, குரல் நெட்டை. அவள் ஒரு சத்தம் கொடுத்தால் பருத்திக் காட்டில் நிற்கிறவளும் திரும்பிப் பார்ப்பாள். அங்கன்வாடியும் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடமும் ஒரே வளாகத்தில் இருப்பதால், என் ஐந்தாம் வகுப்பு ஜன்னல் வழியே அவளுடைய ராஜ்ஜியம் முழுவதும் தெரியும்.

எங்கள் ஊர் இருக்கிற பசுவந்தனைப் பக்கத்தில் மழையை நம்பி எத்தனை பேர் பிழைக்க முடியும்? ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆலைக்குப் போகிறார்கள். விடியும்போதே வேன் வந்துவிடும். அங்கன்வாடி திறப்பது வெயில் ஏறிய பிறகு. அதிலும் கைக்குழந்தைகளுக்கு இடமில்லை. அவற்றைப் பார்த்துக்கொள்வது வீட்டிலுள்ள மூத்த பெண்பிள்ளைகள்தான். இசக்கிசெல்வி என் வகுப்பிலிருந்து காணாமல் போனது அப்படித்தான். அவள் அம்மா முத்துமணி வேன் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். கணக்கில் படுசுட்டியான பிள்ளை, ஒரு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட கேட்டில் நின்று பாடம் கேட்டுவிட்டுப் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியாது.

பிரிஸ்கில்லாவுக்குக் கோபப்பட நேரமில்லை. விடியும்போதே கதவைத் திறந்து கைக்குழந்தைகளையும் வாங்கி வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். விதியில் இடமில்லையே என்று நான் இழுத்தேன். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். கான்கிரீட் கூரையில் தொட்டில் கட்ட விட்டம் கிடையாது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவள் கணவர் கிறிஸ்துராஜ் இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தார். சேலை மட்டும் அவரவர் வீட்டிலிருந்து வர வேண்டும்.

முத்துமணி அனுப்பிய சேலை மடிப்புக்கூடக் கலையாதது. கல்யாணம் காட்சிக்கென்று பெட்டியில் வைத்திருந்தது. இசக்கிசெல்வி எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். ஆனால் தம்பியை அந்தத் தொட்டிலில் போட்டால் போதும், வீறிட்டு அழுவான். பிரிஸ்கில்லா தோளில் போட்டுத் தட்டியும் பார்த்தாள், பாடியும் பார்த்தாள். கடைசியில் ஜன்னல் வழியே கூப்பிடுவாள். இசக்கிசெல்வி பாதிக் கணக்கில் எழுந்து ஓடுவாள். நாலைந்து நாள் இதே கூத்து. வருகிற திங்களிலிருந்து மகளை வீட்டிலேயே நிறுத்திக்கொள்வதாக முத்துமணி சொல்லி அனுப்பிவிட்டாள்.

அன்று மதியம் பிள்ளை அழுது அழுது துவண்டுபோனான். வேறு வழியில்லாமல் பிரிஸ்கில்லா அவனை அக்காவோடு வீட்டுக்கே தூக்கிப்போனாள். அங்கே விட்டத்தில் ஒரு பழைய சேலை தொங்கியது. அங்கங்கே கிழிசல், ஒட்டுத் தையல், தீப்பெட்டி மருந்து வாடை. அதில் போட்டதும் பிள்ளை சட்டென்று தூங்கிவிட்டான். பிரிஸ்கில்லா தலையில் அடித்துக்கொண்டாளாம்.

சாயங்காலம் வேன் வரும் இடத்தில் காத்திருந்தாள். நானும் கூட நின்றேன். பழைய சேலையைக் கொடு என்றதும் முத்துமணியின் முகம் சுருங்கிப்போயிற்று.

“ஊரே வந்து போற எடத்துல அந்தக் கந்தலயா தொங்கவிடச் சொல்லுதீங்க? நாளைக்கு எவ என்ன பேசுவாளோ. நான் மாட்டேன் டீச்சர்.”

“ஏட்டி, ஒம் புள்ளைக்குப் பட்டு வேண்டாம், ஒன் வாடதான் வேணும்,” என்றாள் பிரிஸ்கில்லா. முத்துமணி தூக்குச்சட்டியை இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரம். மகளின் படிப்பைவிட மானம் பெரிதா என்று கேட்டேன். இருக்கிறது அது ஒன்றுதான், அதையும் விடு என்றால் எப்படி விடுவாள் என்றாள் பிரிஸ்கில்லா. அந்தப் பதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை அங்கன்வாடி வாசலுக்கு நேராக இன்னொரு தொட்டில் தொங்கியது. பிரிஸ்கில்லா வீட்டில் உடுத்தி உடுத்தி நைந்த சேலை. கிழிசலெல்லாம் தெருவைப் பார்த்து இருந்தது. டீச்சர் வீட்டுச் சேலையா இது என்று கேட்டவர்களிடம், ஆமாம், என் சேலைதான், நான் மட்டும் அரண்மனையிலா இருக்கிறேன் என்று சிரித்தாள். வேன் ஏற வந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். முத்துமணியும் பார்த்தாள்.

திங்கட்கிழமை வந்தது. இசக்கிசெல்வி வரமாட்டாள் என்றே நினைத்திருந்தேன். விடியலில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்க, முத்துமணி ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் சுருட்டிய சேலையுமாக ஓடி வந்தாள். முந்தின இரவு அவள் உடுத்தியிருந்த சேலை. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தானே தொட்டில் கட்டினாள். பிள்ளையைப் போட்டு இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு வேனுக்கு ஓடினாள்.

இசக்கிசெல்வி வகுப்பில் உட்கார்ந்தாளே தவிர, கண் ஜன்னலிலேயே இருந்தது. எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்று ஒரு காலை வெளியே நீட்டியே வைத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பின்னக் கணக்கு நடத்தும்போது பார்த்தேன், கால் உள்ளே போயிருந்தது.

இடைவேளை மணி அடித்தது. தம்பியைப் பார்க்க ஓடுவாள் என்று வழிவிட்டு நின்றேன். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கட்டம் போட்டுப் பாண்டி ஆட ஓடினாள்.